மலை காட்டும் மாற்றங்கள்

நுழையும்முன்

உருவம் மாறினால் பொருளும் மாறியதாகுமா? பழைய நிலைக்குத் திரும்பாத மாற்றங்கள் எல்லாம் வேதியியல் மாற்றங்களா? சேர்வராயன் மலையின் பனியும் காப்பியும் கல்லும் இவ்வினாக்களுக்கு விடை கூறுகின்றன.

பனியும் நீரும்

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகச் சேலத்திற்கு வடக்கே உயர்ந்து நிற்பது சேர்வராயன் மலை. அங்கே ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில் ஏற்காடு அமைந்துள்ளது. அதனை அடுத்த கரடியூரில் விடியற்காலையில் மூடுபனி மரங்களை மறைத்து நிற்கும்; கதிரவன் எழுந்ததும் மெல்ல விலகும். காற்றிலிருந்த நீராவி குளிர்ந்து நுண்துளிகளாகிறது. அத்துளிகள் வெப்பம் பெற்று மீண்டும் ஆவியாகின்றன. இரு நிலைகளிலும் அது நீரே. இவ்வாறு வேதி இயைபு மாறாமல் நிலை, வடிவம், அளவு ஆகியன மட்டும் மாறுவது இயற்பியல் மாற்றம். ஒரு பொருள் வேறு இயைபும் பண்பும் கொண்ட புதிய பொருளாவது வேதியியல் மாற்றம்.

காப்பிக் கொட்டையின் பயணம்

1820களில் சேலம் மாவட்ட ஆட்சியராக இருந்த எம்.டி. காக்பர்ன் இம்மலையில் காப்பிப் பயிரை அறிமுகப்படுத்தினார். இன்றும் நிழல்மரங்களின்கீழ்க் காப்பிச் செடிகள் வளர்கின்றன. பறித்த பழத்தின் தோலை இயந்திரம் உரிக்கிறது. இஃது இயற்பியல் மாற்றம். கொட்டையின்மேல் ஒட்டியுள்ள வழவழப்பான சதைப்பகுதி நொதித்துச் சிதைகிறது; இது வேதியியல் மாற்றம். கழுவிய கொட்டையைக் களத்தில் உலர்த்தும்போது நீர் ஆவியாகிறது; இது மீண்டும் இயற்பியல் மாற்றம்.

பின்னர், ஏறத்தாழ 200 டிகிரி செல்சியசு வெப்பத்தில் கொட்டை வறுபடுகிறது. அதிலுள்ள சர்க்கரைகளும் அமினோ அமிலங்களும் வினைபுரிய, பச்சைக்கொட்டையில் இல்லாத பழுப்புநிறமும் நறுமணமும் பிறக்கின்றன. வறுத்ததை அரைப்பதும் வெந்நீர் ஊற்றி வடிப்பதும் இயற்பியல் மாற்றங்களே. ஒரு குவளைக் காப்பிக்குள் இருவகை மாற்றங்களும் அடுத்தடுத்து நிகழ்ந்திருக்கின்றன.

வெள்ளைக்கல்லும் உலையும்

மலையிலிருந்து இறங்கினால், சேலத்தை ஒட்டிய மாமாங்கம், கருப்பூர்ப் பகுதிகளில் நிலம் வெளுத்துத் தோன்றும். அங்கு வெட்டியெடுக்கப்படும் மேக்னசைட்டை மக்கள் 'வெள்ளைக்கல்' என்பர். அது மக்னீசியம் கார்பனேட்டு. உடைத்துப் பொடியாக்கினாலும் அஃது அப்பொருளே. உலையிலிட்டுச் சுட்டால் கார்பன் டைஆக்சைடு பிரிந்து மக்னீசியம் ஆக்சைடு எஞ்சுகிறது. தூய கல் 100 கிலோகிராம் எனில், எஞ்சுவது ஏறத்தாழ 48 கிலோகிராம். வளியாக வெளியேறுவது 52 கிலோகிராம். எடை குறைந்தது போலத் தோன்றினும் பொருண்மை அழியவில்லை. எஞ்சிய ஆக்சைடு, எஃகு உலைகளின் உட்சுவரில் பதிக்கப்படும் வெப்பந்தாங்கும் கற்களாகிறது. பொடியாக்கியபோது கிட்டாத இப்பயன், சுட்டபின் கிட்டுகிறது.

மீளுமா, மீளாதா?

இயற்பியல் மாற்றம் மீளும், வேதியியல் மாற்றம் மீளாது என்று விதிபோல் கூறுவர். வறுத்த காப்பிக்கொட்டை மீண்டும் பச்சைக்கொட்டை ஆவதில்லை என்பது உண்மையே. ஆயினும் இவ்விதி எங்கும் பொருந்துவதன்று. வெள்ளைக்கல், மக்னீசியம் மிகுந்த பாறையோடு கார்பன் டைஆக்சைடு கலந்த நீர் வினைபுரிந்ததால் உருவானது. அன்று கல்லுக்குள் புகுந்த வளியே உலையில் வெளியேறுகிறது. வேதியியல் வினையும் உரிய சூழலில் எதிர்த்திசையில் நிகழக்கூடும்.

இதன் மறுபக்கத்தை மலையுச்சியில் காணலாம். சேர்வராயன் மலைப்பாறையை மழைநீர் நெடுங்காலமாக அரித்துச் சிலிக்காவைக் கரைத்துச் சென்றது. அலுமினியம் மிகுந்த பாக்சைட்டு எஞ்சியது. இது மிக மெதுவாக நடந்த வேதியியல் மாற்றம். அந்தப் பாக்சைட்டை வெட்டியெடுத்து மேட்டூர் அலுமினிய ஆலைக்குக் கொண்டு சென்றனர். வெட்டுவதும் உடைப்பதும் இயற்பியல் மாற்றங்களே. கல் கல்லாகவே இருக்கிறது. ஆனால், வெட்டுண்ட மலைமுகட்டை மீண்டும் எழுப்ப யாரால் இயலும்? மேல்மண்ணும் அதில் வேரூன்றிய காடும் மனித வாழ்நாளில் எளிதில் மீள்வனவல்ல. எனவே, மீள்தன்மை உரைகல் ஆகாது. புதிய பொருள் தோன்றியதா என்பதே உரைகல்.

சொல்லும் பொருளும்

தமிழில் இம்மாற்றங்களுக்குத் தனித்தனிச் சொற்கள் உள்ளன. மெழுகு உருகும், உப்பு கரையும், பால் திரியும், மாவு புளிக்கும், இரும்பு துருப்பிடிக்கும். முதல் இரண்டும் இயற்பியல் மாற்றங்கள். ஏனையவை வேதியியல் மாற்றங்கள். ஆனால், நீரும் உறைகிறது, தயிரும் உறைகிறது. உறைந்த நீர் நீரே. தயிரிலோ பாலின் சர்க்கரை லாக்டிக் அமிலமாகியுள்ளது. சொல் ஒன்றாயினும் நிகழ்வு வேறு. கண்ணும் சொல்லும் காட்டுவதோடு நில்லாமல், பொருளின் உள்ளியல்பை ஆராய்ந்து தெளிவதே அறிவியல் நோக்கு.

தெரிந்து தெளிவோம்

கடல்மட்டத்தில் 100 டிகிரி செல்சியசில் கொதிக்கும் நீர், ஏற்காட்டில் ஏறத்தாழ 95 டிகிரியிலேயே கொதிக்கும். உயரம் கூடக்கூடக் காற்றழுத்தம் குறைவதே இதற்குக் காரணம்.

கற்பவை கற்றபின்

உங்கள் வீட்டுச் சமையலறையில் ஒருநாளில் நிகழும் மாற்றங்களைக் கவனித்து, அவற்றைக் குறிக்கும் வினைச்சொற்களுடன் இருவகையாகப் பட்டியலிடுக.

மதிப்பீடு

பலவுள் தெரிக
1. வேதியியல் மாற்றத்தைத் தேர்க.
அ) காப்பிக்கொட்டையை அரைத்தல் ஆ) மூடுபனி விலகுதல் இ) வெள்ளைக்கல்லைச் சுடுதல் ஈ) பாறையை உடைத்தல்

குறுவினா
2. வெள்ளைக்கல்லைச் சுடும்போது எடை குறைவது ஏன்?

சிறுவினா
3. 'உறைதல்' என்னும் சொல் இருவகை மாற்றங்களையும் குறிப்பதை விளக்குக.

நெடுவினா
4. 'மீள்தன்மை உரைகல் ஆகாது' என்னும் கூற்றைப் பாடப்பகுதிவழி நிறுவுக.