அப்டேட் பாதியில் நின்றுவிட்டதா? வீட்டுக் கணினிக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, அமெரிக்க மேற்குக் கரையில் காலை 10 மணிக்கு மைக்ரோசாஃப்ட் தன் மாதாந்தர விண்டோஸ் அப்டேட்டுகளை வெளியிடுகிறது. பினாங்கில் அப்போது புதன் அதிகாலை ஒரு மணி, அல்லது இரண்டு. நாம் தூங்கி எழுந்து கணினியைத் திறக்கும்போது அது தன் வேலையைத் தொடங்கியிருக்கும். பெரும்பாலும் சத்தமில்லாமல் முடிந்துவிடும். முடியாமல் போகும் நாளில்தான் வீட்டில் கலவரம்: பிள்ளையின் அசைன்மென்ட் உள்ளே, வரிக் கணக்கு உள்ளே, தண்ணீர்மலைத் தைப்பூச வீடியோக்கள் அத்தனையும் உள்ளே.

கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் ‘ஃபார்மட் பண்ணிடலாம்’ என்ற பதில் சுலபமாக வரும். தவுக்கேயைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு நேரம் மிச்சம். ஆனால் ஃபார்மட் என்பது கடைசி வழி. கெடுதல் இல்லாத வழியில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கடுமையான வழிக்குப் போக வேண்டும். கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் இருக்கின்றன. நானே சொன்னாலொழியத் தாண்டிக் குதிக்க வேண்டாம்.

படி 1: எந்த இடத்தில் நிற்கிறது?

தோல்வி மூன்று விதம். சதவீத எண் நகராமல் நிற்பது ஒன்று. ‘அண்டூயிங் சேஞ்சஸ்’ என்று சொல்லிவிட்டுப் பழையபடி திரை வருவது இரண்டாவது. திரையே வராமல் நீலமாகவோ கறுப்பாகவோ நிற்பது மூன்றாவது.

முதல் விதத்துக்கு மருந்து பொறுமைதான். எஸ்எஸ்டி இல்லாத, பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் உள்ள கணினி ஒரே எண்ணில் ஒரு மணி நேரம் நின்றாலும் அதிசயமில்லை. பெட்டியில் ஹார்ட் டிஸ்க் விளக்கு இருந்தால் அதைப் பாருங்கள். விட்டுவிட்டு மினுக்கினால் உள்ளே வேலை நடக்கிறது. மூன்று மணி நேரம் கழித்தும் எண் நகரவில்லை, விளக்கும் அசையவில்லை என்றால் மட்டும் பவர் பொத்தானைப் பத்து விநாடி அழுத்தி அணைத்து, மீண்டும் போடுங்கள். அதற்கு முன் கை வைத்தால், பாதி எழுதிய கோப்போடு கணினி நின்றுபோகும். சின்னக் கோளாறு பெரிதாகும்.

இரண்டாவது விதம் பார்க்கத்தான் பயம். உண்மையில் அது நல்ல செய்தி. புதியது ஏறவில்லை, பழையதைப் பத்திரமாகத் திருப்பி வைத்துவிட்டேன் என்று கணினி சொல்கிறது. அப்படியே படி 2-க்கு வாருங்கள். மூன்றாவது விதம் என்றால் நேராகப் படி 7.

படி 2: கோப்புகளை வெளியே எடுங்கள்

திரை வருகிறது என்றால், எதையும் சரிசெய்யப் போகும் முன் இதைச் செய்யுங்கள். 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 அப்டேட் ஒன்று சிலருடைய ‘டாக்குமென்ட்ஸ்’ கோப்புகளையே அழித்துவிட்டது. மைக்ரோசாஃப்ட் சில நாளில் அதை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. அடிக்கடி நடப்பதல்ல. ஒருமுறை நடந்தது போதும்.

வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் நான்கையும் முழுதாக நகலெடுங்கள். பலர் டவுன்லோட்ஸை மறந்துவிடுவார்கள். குடும்ப வீடியோக்கள் பாதி அங்கேதான் கிடக்கும்.

தமிழில் எழுதுபவர்களுக்கு இன்னொரு வேலை. கோவில் நிர்வாகக் கடிதங்கள், சங்க மலர்கள், பழைய கதைகள் என்று யூனிகோடு வருவதற்கு முன் தட்டெழுதியவை உங்களிடம் இருக்கலாம். அந்தக் கோப்புகள் அந்தந்த எழுத்துரு இருந்தால்தான் தமிழாகத் தெரியும், இல்லையென்றால் கிறுக்கல். கணினியைத் துடைத்துப் புதிதாக விண்டோஸ் ஏற்றினால் அந்த எழுத்துருக்கள் போய்விடும். ஆகவே சி டிரைவில், விண்டோஸ் அடைவுக்குள் இருக்கும் ‘ஃபான்ட்ஸ்’ அடைவில் அவற்றைத் தேடி எடுத்து வையுங்கள். முரசு அஞ்சல் போன்ற மென்பொருளைக் காசு கொடுத்து வாங்கியிருந்தால் அதன் பதிவு விவரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, பிட்லாக்கர் மீட்புச் சாவி. அது 48 இலக்கம் கொண்ட ஓர் எண். புதிய மடிக்கணினிகள் பலவற்றில் ஹார்ட் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டு வருகிறது. பூட்டியிருப்பது உரிமையாளருக்கே தெரியாது. பழுது பார்க்கும் திரைக்குள் நுழைந்ததும் அது அந்த எண்ணைக் கேட்கும். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கைக் கைத்தொலைபேசியில் திறந்து, சாதனங்கள் பகுதியில் எண் இருக்கிறதா என்று இப்போதே பார்த்து, தாளில் எழுதி வையுங்கள். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்வேன் என்று அடம்பிடித்தால், இதைச் செய்யுங்கள்.

படி 3: இடம், கரண்ட், லைன், கடிகாரம்

அப்டேட் ஏறாததற்குப் பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றுதான் காரணம். இவை மிகச் சாதாரணமானவை; அதனால்தான் யாரும் முதலில் பார்ப்பதில்லை.

சி டிரைவில் குறைந்தது 20 ஜிபி காலியாக இருக்கட்டும். செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் என்று போனால் அழிக்கத்தக்கவை பட்டியலாக வரும். ஒரு எச்சரிக்கை: அந்தப் பட்டியலில் டவுன்லோட்ஸும் ஒரு வரியாக நிற்கும். எல்லாவற்றையும் கடகடவென்று டிக் போட்டால் அந்த அடைவே காலி. ‘பிரீவியஸ் விண்டோஸ் இன்ஸ்டலேஷன்’ என்ற வரியையும் தொடாதீர்கள்; அது ஏன் என்பதைப் படி 7-இல் சொல்கிறேன்.

மடிக்கணினியைச் சார்ஜரில் போட்டுவிட்டுத் தொடங்குங்கள். மேசைக் கணினி என்றால் வானத்தைப் பாருங்கள். அக்டோபர், நவம்பர் மாலைகளில் பினாங்கில் எப்படி இடிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. யூபிஎஸ் இல்லாத வீட்டில் இடி இறங்கும் நேரத்தில் அப்டேட்டைத் தொடங்குவது வம்பை விலைக்கு வாங்குவது.

லைன் விஷயத்தில், கைத்தொலைபேசி ஹாட்ஸ்பாட்டை நம்பாதீர்கள். வீட்டு வைஃபை ரூட்டரைப் பக்கத்தில் வைத்தோ, கேபிளை நேராகச் செருகியோ செய்யுங்கள். விபிஎன் ஓடிக்கொண்டிருந்தால் அணைத்துவிடுங்கள்.

கடிகாரம்? தேதி தவறாக இருந்தால் மைக்ரோசாஃப்ட் சர்வரோடு பாதுகாப்பான இணைப்பே ஏற்படாது. நேர மண்டலம் ‘கோலாலம்பூர், சிங்கப்பூர்’ என்றிருக்க வேண்டும். ஒவ்வொரு முறை அணைத்துப் போடும்போதும் தேதி பின்னுக்குப் போகிறதென்றால், மதர்போர்டில் இருக்கும் காசு அளவு பேட்டரி தீர்ந்துவிட்டது. மேசைக் கணினிகளில் வழக்கமாக 2032 எண் கொண்டது. கைக்கடிகாரக் கடையில்கூடக் கிடைக்கும்.

படி 4: எண்ணைப் படியுங்கள்

செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட், அதற்குள் அப்டேட் ஹிஸ்டரி. தோற்ற அப்டேட்டின் பக்கத்தில் ஓர் எண் இருக்கும். எல்லாமே பூஜ்யம், எக்ஸ் என்று தொடங்கும். அதை விட்டுவிட்டு மீதியைத் தருகிறேன்.

80070070 என்றால் இடம் போதவில்லை. 80072இஇ2 என்றால் சர்வரிடமிருந்து பதில் வரவில்லை, லைனைப் பாருங்கள். 800எஃப்0922 வந்தால் விபிஎன் காரணமாக இருக்கலாம், அல்லது விண்டோஸ் தனக்கென ஒதுக்கிய சிறு பகுதி நிறைந்திருக்கலாம். சி1900101 என்று தொடங்கினால் ஏதோ ஒரு டிரைவர் ஒத்துவரவில்லை. 80073712 என்றால் விண்டோஸின் சொந்தக் கோப்புகளே சேதமடைந்துள்ளன. படி 6-க்குப் போங்கள்.

80070643 மட்டும் தனிக்கதை. 2024 ஜனவரியில் வந்த பாதுகாப்பு அப்டேட் ஒன்று ஏராளமான விண்டோஸ் 10 கணினிகளில் இந்த எண்ணைக் காட்டித் தோற்றது. கணினிக்காரர் செய்த தவறு எதுவுமில்லை: பழுது பார்க்கும் பகுதிக்கென ஹார்ட் டிஸ்க்கில் ஒதுக்கிய இடம் அந்த அப்டேட்டுக்குப் போதவில்லை, திரையோ அதைச் சொல்லவில்லை. ஹார்ட் டிஸ்க் பகுதிகளை வெட்டி ஒட்டி இடம் பெருக்கச் சொன்ன மைக்ரோசாஃப்ட்டின் வழிமுறை புதியவர்களுக்கு ஏற்றதல்ல. இந்த எண் வேறு காரணத்துக்கும் வரும். மற்ற அப்டேட்டுகள் ஒழுங்காக ஏறுகின்றன, இது ஒன்றுதான் தகராறு என்றால், ஹார்ட் டிஸ்க் பகுதிகளில் கை வைக்காமல் விட்டுவிடுவதே புத்திசாலித்தனம்.

படி 5: சுமையை இறக்கிவிட்டு மறுபடி

பிரிண்டர், வெளி ஹார்ட் டிஸ்க், பென்டிரைவ், வெப்கேம் எல்லாவற்றையும் கழற்றுங்கள். கீபோர்டும் மௌஸும் போதும். தனியாக வாங்கிப் போட்ட ஆன்டிவைரஸ் இருந்தால் நீக்கிவிடுங்கள். விண்டோஸின் சொந்தப் பாதுகாப்பு தானாக வேலைக்கு வந்துவிடும். பிறகு ‘ரீஸ்டார்ட்’ கொடுங்கள். ‘ஷட் டவுன்’ கொடுத்துத் திறப்பது அதற்கு ஈடாகாது; அது முழுதாக அணையாமல் பாதி நினைவோடு தூங்கி எழும்.

அடுத்து செட்டிங்ஸில் ‘டிரபிள்ஷூட்’ என்று தேடி, விண்டோஸ் அப்டேட்டுக்கான சோதனையை ஓட்டுங்கள். அதிசயம் எதையும் எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் ஐந்து நிமிட வேலை, கெடுதல் இல்லை.

படி 6: உள்ளிருந்தே புதுப்பிப்பது

விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரி என்று போனால் ‘ஃபிக்ஸ் பிராப்ளம்ஸ் யூசிங் விண்டோஸ் அப்டேட்’ என்ற வரி இருக்கும். பக்கத்தில் ‘ரீஇன்ஸ்டால் நவ்’. 2024 முதல் பரவலாக வந்த வசதி இது. விண்டோஸை முழுதாக இறக்கி மறுபடி ஏற்றும். உங்கள் கோப்புகளும் மென்பொருள்களும் செட்டிங்ஸும் அப்படியே இருக்கும். கடையில் செய்யும் ஃபார்மட்டுக்கு இது எவ்வளவோ மேல். இது இருப்பது பலருக்குத் தெரியாதது வருத்தமே.

அதே பக்கத்தில் ‘ரீசெட் திஸ் பிசி’ என்று இன்னொரு பொத்தான் இருக்கும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். அது ‘கீப் மை ஃபைல்ஸ்’ என்று கேட்டாலும் நீங்கள் ஏற்றிய மென்பொருள்களை நீக்கிவிடும்.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் ‘கமாண்ட் பிராம்ப்ட்’ என்று தேடி, வலது சொடுக்கில் அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து ஒரு கட்டளை கொடுக்கலாம்: எஸ், எஃப், சி என்ற மூன்று எழுத்து, ஓர் இடைவெளி, கேள்விக்குறி விசையில் இருக்கும் சாய்கோடு, அதை ஒட்டியே ஸ்கேன், நவ் என்ற இரண்டு ஆங்கிலச் சொற்கள் இடைவெளி இல்லாமல். சேதமான கோப்புகளை அது தேடி மாற்றும்.

படி 7: திரையே வரவில்லை என்றால்

2024 ஜூலை 19 நினைவிருக்கலாம். கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் பழுதான ஒரு கோப்பால் உலகெங்கும் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் நின்றன. நம் நாட்டில் ஏர்ஏசியாவின் செக்-இன் கையால் நடந்தது. அன்று பொறியாளர்கள் செய்த வைத்தியம் என்ன? அத்தியாவசியமானவற்றை மட்டும் வைத்துக் கணினியைத் திறக்கும் சேஃப் மோடில் நுழைந்து, அந்தக் கோப்பை அழித்தார்கள். அதே கதவு உங்கள் வீட்டுக் கணினியிலும் உண்டு.

கணினியைப் போட்டு, சின்னம் தெரிந்ததும் பவர் பொத்தானைப் பத்து விநாடி அழுத்தி அணையுங்கள். மறுபடி அதே மாதிரி. மூன்றாவது முறை விட்டுவிட்டால் பழுது பார்க்கும் நீலத் திரை தானாக வரும். (படி 1-இல் அணைக்காதீர்கள் என்றேன். அது அப்டேட் ஓடும்போது. இது எதுவும் ஓடாதபோது.) பிட்லாக்கர் எண் கேட்டால், எழுதி வைத்த தாளை எடுங்கள்; எழுதவில்லை என்றால் படி 2-இல் சொன்னபடி கைத்தொலைபேசியில் பாருங்கள்.

அங்கே டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ். முதலில் ‘ஸ்டார்ட்அப் ரிப்பேர்’. பயனில்லை என்றால் ‘அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்’. மாதாந்தர அப்டேட் கெடுத்தது என்றால் ‘குவாலிட்டி’, பெரிய பதிப்பு மாற்றம் என்றால் ‘ஃபீச்சர்’. அதுவும் கைவிட்டால் ‘ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்’ வழியாக ரீஸ்டார்ட் கொடுத்து 4-ஐ அழுத்துங்கள். சேஃப் மோட் வரும். அங்கே கோப்புகளை நகலெடுக்கலாம், சந்தேகமான மென்பொருளை நீக்கலாம்.

பெரிய பதிப்பு மாற்றத்துக்குப் பிறகு திரை வருகிறது, ஆனால் எல்லாம் தாறுமாறு என்றால், ரெக்கவரி பக்கத்தில் ‘கோ பேக்’ இருக்கும். வழக்கமாகப் பத்து நாள்தான் அவகாசம். முந்தைய விண்டோஸை அழித்திருந்தால் அதுவும் இல்லை. படி 3-இல் தொட வேண்டாம் என்றது இதற்காகத்தான்.

படி 8: கணினிக்கே வயதாகிவிட்டதா?

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு மாற முயன்று தோற்பவர்கள் பலருக்குக் கோளாறு எதுவுமில்லை, தகுதிதான் இல்லை. டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதிகள், 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறைச் சில்லு, இவை வேண்டும். இன்டெல் 1972-இல் பாயான் லெப்பாஸில் ஆலை திறந்ததிலிருந்து சில்லுத் தொழிலோடு வாழும் தீவு பினாங்கு. அந்தத் தீவிலும் ஏழாம் தலைமுறைக் கணினிகள் நன்றாக ஓடிக்கொண்டே தகுதியிழந்து நிற்கின்றன.

டிபிஎம் பல கணினிகளில் இருக்கும், பயாஸில் அணைத்து வைத்திருப்பார்கள், போட்டாலே தீரும். உண்மையிலேயே தகுதி இல்லையென்றால், விண்டோஸ் 10-க்கான நீட்டித்த பாதுகாப்பு அப்டேட்டுகளில் சேரலாம். 2026 அக்டோபர் 13 வரைதான் அது. இணையத்தில் கிடைக்கும் குறுக்கு வழிகளில் விண்டோஸ் 11-ஐ ஏற்றுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன், குறிப்பாக வங்கிக் கணக்கைத் திறக்கும் கணினியில்.

படி 9: கடைக்குப் போவதாக இருந்தால்

எல்லாம் செய்தும் தீரவில்லை என்றால் போகத்தான் வேண்டும். பிழை எண்ணைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள், என்னென்ன செய்து பார்த்தீர்கள் என்பதையும். ‘முதலில் டேட்டாவை எடுத்துக் கொடுங்கள், பிறகு மற்றது’ என்று சொல்லி, அதற்குத் தனி விலை என்ன என்று கேளுங்கள். ஹார்ட் டிஸ்க்கின் உடல்நலத்தையும் சோதிக்கச் சொல்லுங்கள். சாகப் போகும் டிஸ்க்கில் எந்த அப்டேட்டும் நிற்காது. பிட்லாக்கர் எண்ணை அவர் முன்னால் நீங்களே தட்டுங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கின் கடவுச்சொல்லை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு வராதீர்கள்.