எண்ணெய்க் கசிவும் கைக் காசும்



வண்டிக்கு அடியில் எண்ணெய் சொட்டினால் நம்மில் பலர் இரண்டில் ஒன்றைச் செய்கிறோம். கண்டும் காணாமல் ஓட்டுகிறோம். அல்லது பட்டறையில் கேட்ட தொகையைக் கடன் வாங்கியாவது கொடுக்கிறோம். இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. நான் அதைக் கற்றுக்கொண்ட விதத்தை எழுதுகிறேன்.

தங்கவயல் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் பம்பு வேலை பார்த்தவன் நான். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டபின் வாடகைக் கார் ஓட்டிப் பிழைத்து வருகிறேன். சென்ற ஆண்டு என் பழைய காரில் எண்ணெய் கசிந்தது. "பின்பக்க ஆயில் சீல் போய்விட்டது அண்ணே, 16,000 ரூபாய் ஆகும்" என்றார் ஒரு மெக்கானிக். வீட்டில் அந்தத் தொகை இருந்தது. ஆனால் அது மகளின் கல்லூரிக் கட்டணம்.

எங்கே கசிகிறது?

சீலின் விலை சில நூறுதான். அதை மாற்ற கியர் பாக்ஸைக் கழற்ற வேண்டும், மீதியெல்லாம் கூலி. ஆகவே இடத்தை உறுதி செய்யாமல் காசு கொடுக்கக் கூடாது. எண்ணெய் மேலிருந்து வழியும். ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். சொட்டும் இடமே கசியும் இடம் என்று எண்ணிவிடாதீர்கள். எஞ்சினைக் கழுவித் துடைத்து, சிறிது தூரம் ஓட்டி, மேலிருந்து கீழாகப் பாருங்கள். என் காரில் மேல்மூடியின் கேஸ்கெட் காய்ந்து வெடித்திருந்தது. பிரீதர் குழாயும் அடைத்திருந்தது. அது அடைத்தால் உள்ளே அழுத்தம் கூடி, நல்ல சீலிலும் எண்ணெய் வெளியேறும். இரண்டையும் சரிசெய்ய 1,100 ரூபாய் ஆயிற்று.

எவ்வளவு கசிகிறது?

கசிவு குறைந்தது, நிற்கவில்லை. பின் சீலும் கொஞ்சம் கசியத்தான் செய்தது. சமதரையில் வண்டியை நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து டிப் ஸ்டிக்கைப் பார்த்துக் குறித்து வந்தேன். 1,000 கிலோமீட்டருக்குக் கால் லிட்டர் குறைந்தது. மாதம் 150 ரூபாய் எண்ணெய் ஊற்றினால் போதும்.

என்ன முடிவு செய்வது?

வண்டியை விற்றால் 70,000 கிடைக்கும்; அதற்கு 16,000 செலவா என்று உறவினர் கேட்டார். வரவை விடச் செலவு அதிகம் என்றுதான் நம் சுரங்கத்தையும் மூடினார்கள். விடியுமுன் பெங்களூர் ரயிலைப் பிடிக்க ஓடும் பிள்ளைகள் அந்தக் கணக்கில் வரவில்லை. என் காரின் மதிப்பும் விற்கும் விலை மட்டுமல்ல. அது மாதாமாதம் கொண்டுவரும் கூலியும்தான். ஆகவே விற்கவில்லை. கிளட்ச் பிளேட் மாற்றும் நாளில் கியர் பாக்ஸ் எப்படியும் இறங்கும். அன்று சீலையும் மாற்றினால் கூலி ஒருமுறைதான். அதற்காக மாதம் 1,000 ரூபாய் ஒதுக்கி வருகிறேன். கல்லூரிக் கட்டணத்தை உரிய தேதியில் கட்டினேன்.

எப்போது தள்ளிப்போடக் கூடாது?

சூடான புகைக்குழாயில் எண்ணெய் விழுந்து தீய்ந்த வாடை வந்தால் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. கிளட்ச் வழுக்கினால் எண்ணெய் பிளேட்டை எட்டியிருக்கலாம். வாரத்துக்கு வாரம் கசிவு கூடினாலும் காத்திருக்கக் கூடாது. சிவப்பு எண்ணெய் விளக்கை நம்பி இருந்துவிடாதீர்கள். அது அழுத்தத்தைக் காட்டுவது, அளவை அல்ல. ஓடும்போது அது எரிந்தால் உடனே ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். எண்ணெய் வற்றி எஞ்சின் பிடித்துக்கொண்டால் 16,000 ரூபாய் சிறு தொகையாகிவிடும்.

சுரங்கத்துப் பம்பில் கிளாண்டு சிறிது சொட்ட வேண்டும். சொட்டை நிறுத்த அதை இறுக்கினால் பேக்கிங் தீய்ந்து ஷாப்டும் தேயும். எஞ்சின் அப்படியல்ல, அதில் எந்தச் சொட்டும் பழுதுதான். ஆனால் எல்லாப் பழுதும் இன்றைக்கே பார்க்க வேண்டிய பழுதல்ல. பார்த்து, அளந்து, பிறகு பணப்பையைத் திறங்கள்.