மேட்டுத் தொட்டித் தண்ணீர் கீழே திரும்பாதிருக்க

கேள்வி: ஓடையிலிருந்து மோட்டாரில் ஏற்றும் தண்ணீர், மோட்டார் நின்றதும் திரும்பி இறங்குகிறது. எந்த வால்வு பொருத்தமானது? (வாசகர், பலாங்கொடை)

பதில்: சப்ரகமுவத் தோட்டங்களில் பெரும்பாலும் ஓடை பள்ளத்திலும் லயங்கள் மேட்டிலும் இருக்கும். ஒவ்வொரு 10 மீட்டர் ஏற்றத்துக்கும் குழாயின் அடியில் ஏறத்தாழ 1 பார் அழுத்தம் சேரும். தொட்டி 60 மீட்டர் மேலே என்றால் 6 பார். மோட்டார் நிற்கும்போது எழும் அதிர்ச்சியையும் சேர்த்து, 10 பார் தாங்கும் நொன் ரிட்டர்ன் வால்வே வேண்டும். மோட்டாருக்கும் கேட் வால்வுக்கும் இடையில், அம்புக்குறி தொட்டிப் பக்கம் பார்க்க அது அமைய வேண்டும்.

தகடு மடிந்து திறக்கும் வகை விலை குறைவு. நீரோட்டத்தையும் அதிகம் தடுக்காது. ஆனால் செங்குத்தான ஏற்றத்தில் தண்ணீர் சட்டெனத் திரும்பும். தகடு தாமதமாக அறைந்து மூடும்போது எழும் 'டம்' என்ற அதிர்ச்சியே குழாய் மூட்டுகளை உடைக்கிறது. இத்தகைய இடங்களுக்கு, ஓட்டம் திரும்பும் முன்பே மூடிக்கொள்ளும் ஸ்பிரிங் வகைதான் சரி. தேவைக்கு மிஞ்சிய பெரிய அளவு வாங்கினால் தகடு முழுதாகத் திறக்காமல் படபடத்துத் தேயும்.

இரத்தினபுரிப் பக்கம் மாணிக்கக் குழிகளின் சேறு ஓடைகளில் கலக்கும். தகடு வந்து அமரும் இடத்தில் ஒரு மணல் துகள் சிக்கினாலும் வால்வு கசியும். ஆகவே உறிஞ்சு குழாயின் நுனியில் வலையுள்ள ஃபுட் வால்வு, ஓடைப் படுக்கையைத் தொடாமல் நிற்க வேண்டும்.

இதே குழாயால் மருந்து தெளிக்கும் பீப்பாயையும் நிரப்பினால், மருந்து நீர் குழாய்க்குள் திரும்பாதிருக்க எந்த வால்வையும் நம்பக் கூடாது. குழாய் முனை பீப்பாய் விளிம்புக்கு மேலே, குழாய் விட்டத்தின் இரு மடங்கு உயரத்திலாவது நிற்க வேண்டும். 25 மில்லிமீட்டருக்குக் குறையவே கூடாது.