பாறை ஊருக்கு ஏற்ற கூடாரம்

அனந்தபுரம் வாசகருக்கு,

தை பிறந்ததும் கணவர், பிள்ளைகள் இருவருடன் சைக்கிளில் செஞ்சி, மேல்சித்தாமூர், மேல்மலையனூர் என்று சுற்றிவரப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். நாலு பேர் படுக்க எந்த டென்ட் இலேசானது என்பது உங்கள் கேள்வி. எடையை அப்புறம் பார்ப்போம். கடையில் முதலில் கேட்க வேண்டியது, முளை அடிக்காமல் நிற்குமா என்பதுதான்.

உங்கள் பக்கத்து மண் உங்களுக்குத் தெரியாததா? பாறை, அது இல்லாவிட்டால் காய்ந்து இறுகிய தரை. கூடாரத்தோடு வரும் மெல்லிய கம்பி முளை அதில் இறங்குவதற்குள் வளைந்துவிடும். எடை குறைவென்று வெளிநாட்டுச் சைக்கிள்காரர்கள் விரும்பும் நீளக் குகை வடிவக் கூடாரம் இரு முனையிலும் முளை இறுகினால்தான் நிற்கும். கம்புகள் குறுக்கும் நெடுக்குமாக வளைந்து தாமே தாங்கிக்கொள்ளும் குவிமாட வகை சற்றுக் கனம்தான். ஆனாலும் அதையே வாங்குங்கள். காற்றுக்குப் பறக்காமலிருக்க மூலைக்கொரு கயிறு கட்டிக் கல்லில் சுற்றினால் போதும்.

அடுத்தது புழுக்கம். உள்கூடு முழுக்க வலையாகவும் மேல்துணி தனியாகவும் இருக்கட்டும். ஒற்றைத் துணிக் கூடாரம் இன்னும் இலேசு. ஆனால் நாலு பேர் விடும் மூச்சு விடிவதற்குள் துணியில் நீராகக் கோத்துச் சொட்டும். தையில் பெரும்பாலும் மழை இருக்காது, பனி இறங்கும். அதற்கு மேல்துணி வேண்டும். வலையின் ஜிப்பை எப்போதும் மூடியே வையுங்கள். தேளுக்கும் பூரானுக்கும் அதுதான் கதவு.

இனி எடை. நாலு கிலோ என்றதும் மலைக்காதீர்கள். கம்புகள் ஒரு சைக்கிளில், துணிகள் இன்னொன்றில் என்று பிரித்தால் சைக்கிளுக்குச் சுமார் இரண்டு கிலோ. (1690-இல் செஞ்சியை முற்றுகையிட வந்த முகலாயத் தளபதி சுல்பிகார் கான் 1698-இல்தான் கோட்டையைப் பிடித்தார். அத்தனை வருடக் கூடாரங்களைச் சுமக்க அவர் படையில் யானையும் ஒட்டகமும் இருந்தன.) கேரியருக்கு எடையைவிட நீளம்தான் பகை: மடித்த கம்பு அரை மீட்டருக்குள் இருக்கட்டும். வீசினால் தானே விரியும் கூடாரம் பிள்ளைகளை மயக்கும். மடித்தாலோ பெரிய வட்டத் தட்டாகி எந்தக் கேரியரிலும் உட்காராது. ‘நாலு பேருக்கு’ என்ற சீட்டை நம்பாமல் அகலத்தை அளந்து பாருங்கள். ஆளுக்கு 60 சென்டிமீட்டராவது வேண்டும்.

கோட்டைக்குள் தங்கலாம் என்ற எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். தொல்லியல் துறையின் இடம் அது. 2025-இல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறிவிட்டது. அறுப்பு முடிந்த களமோ தோப்போ உடையவரிடம் கேட்டுத் தங்குங்கள். வெயிலில் காய்ந்த பாறை இரவிலும் அனல் விடும், ஒட்டிப் போடாதீர்கள்.

வாங்கியதும் மொட்டை மாடியில் விரித்துப் பாருங்கள். அங்கேயும் முளை இறங்காது, நல்ல சோதனை. மேல்துணித் தையல்மேல் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். உள்ளே ஒழுகினால், பில் கையில் இருக்கும்போதே கடைக்குக் கொண்டுபோய் மாற்றிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்