ரெக்ரெஷன் ஓட்டுகிறவர் ஆராய்ச்சிக்குப் போகலாமா?

கேள்வி: எனக்கு வயது 34. ஐ.டி. நிறுவனத்தில் 9 வருடமாக டெஸ்டர். ஒவ்வொரு ரிலீஸுக்கும் ராத்திரி முழுக்க ரெக்ரெஷன் (பழைய டெஸ்ட்களைத் திரும்ப ஓட்டுவது) ஓடும். காலையில் எது ஃபெயில், ஏன் ஃபெயில் என்று பிரித்துப் பார்ப்பதுதான் என் வேலை. பி.எச்டி. செய்ய ஆசை. "டெஸ்டிங்கில் என்ன ஆராய்ச்சி இருக்கு, அதுவும் இந்த வயசில்?" என்கிறார்கள் வீட்டில். நம்பி இறங்கலாமா?
– வாசகி, கோவை

பதில்: இறங்குங்கள். வயசுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் மேரி ஜீன் ஹேரல்ட் என்றொருவர் இருந்தார். 1947-இல் பிறந்தவர், கணிதம் படித்தவர், பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவர். அதற்கப்புறம்தான் கணினிப் பக்கம் வந்தார். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் பி.எச்டி. வாங்கியது 1988-இல், அப்போது நாற்பதை எட்டிவிட்டார். பின்னாளில் ஜார்ஜியா டெக்கில் பேராசிரியர். 2013-இல் அவர் காலமானபோது, இந்தத் துறையில் அவர் பெயர் தெரியாத ஆராய்ச்சியாளர் இல்லை.

அவர் எடுத்துக்கொண்ட கேள்விகளைப் பாருங்கள், உங்கள் மேஜையிலிருந்து எடுத்த மாதிரியே இருக்கும். கோடில் நாலு வரி மாறினால் எல்லா டெஸ்டையும் திரும்ப ஓட்டத்தான் வேண்டுமா? கிரெக் ராதர்மெல் என்ற ஆராய்ச்சியாளருடன் சேர்ந்து 1997-இல் இதற்கு ஒரு வழி சொன்னார்: பழைய புரோகிராமையும் புதியதையும் ஒப்பிட்டு, மாறிய இடத்தைத் தொடுகிற டெஸ்ட்களை மட்டும் பொறுக்குவது. குறிப்பிட்ட நிபந்தனைகளுக்குள், புதுப் பிழையைக் காட்டக்கூடிய டெஸ்ட் எதுவும் விட்டுப்போகாது என்பதையும் நிறுவினார்கள்.

அடுத்தது இன்னும் அழகு. ஃபெயில் ஆன டெஸ்டை வைத்துப் பிழை எந்த வரியில் என்று கண்டுபிடிப்பது. மூன்று எண்களில் நடு எண்ணைச் சொல்லும் ஒரு குட்டிப் புரோகிராமை அவர் குழு உதாரணமாகக் காட்டியது. ஆறு டெஸ்ட், ஐந்து பாஸ். 2, 1, 3 கொடுத்தால் மட்டும் 2 வராமல் 1 வருகிறது. தப்பான வரி வழியாக 3, 3, 5 என்ற டெஸ்டும் போகிறது, ஆனால் முதல் இரண்டு எண்ணும் ஒன்றாக இருப்பதால் விடை தற்செயலாகச் சரியாகிவிடுகிறது. எந்த வரியை ஃபெயில் ஆன டெஸ்ட்கள் அதிகம் தொடுகின்றன, பாஸ் ஆனவை குறைவாகத் தொடுகின்றன என்று கணக்குப் போட்டு, சந்தேகத்துக்குரிய வரியைச் சிவப்பாகவும் மற்றதைப் பச்சையாகவும் திரையில் காட்டினார்கள். இந்த முறைக்கு டாரன்டுலா என்று பெயர், 2002-இல் வந்தது. காலையில் நீங்கள் கண்ணால் செய்யும் வேலைக்கு அவர்கள் சூத்திரம் எழுதினார்கள், அவ்வளவுதான். பாஸ் ஆன டெஸ்டும் பொய் சொல்லும் என்பது 9 வருட டெஸ்டருக்கு உடம்பிலேயே ஊறியிருக்கும். நேராகக் கல்லூரியிலிருந்து வருகிற மாணவருக்கு அது கிடையாது.

எலேன் வெயூக்கரையும் படியுங்கள். எதிர்பார்க்கும் விடை என்னவென்றே தெரியாத புரோகிராமை எப்படிச் சோதிப்பது என்று 1982-இலேயே கேட்டவர். நியூயார்க் பல்கலைக்கழகத்திலிருந்து ஏ.டி.அண்ட்.டி. ஆய்வகத்துக்குப் போனார். அங்கே இரண்டு சகாக்களோடு பெரிய மென்பொருள்களின் பழைய பிழைப் பதிவுகளை அலசி, எந்த ஃபைல்களில் பிழை அதிகம் வரும் என்று கணித்தார். 2005-இல் வெளியான கட்டுரைப்படி, ஒரு சரக்கு இருப்பு மென்பொருளில் அவர்கள் முன்கூட்டியே குறித்துக் கொடுத்த 20 சதவீத ஃபைல்களுக்குள்ளேயே சராசரியாக 83 சதவீதப் பிழைகள் இருந்தன. பழைய பக் லிஸ்ட் குப்பையல்ல என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

வேலையை விட வேண்டாம். பார்ட் டைமாகச் சேருங்கள். அலுவலகத்தில் தடையில்லாச் சான்று கேட்பார்கள், அதை முதலிலேயே பேசிவிடுங்கள். கம்பெனி டேட்டாவை அனுமதியில்லாமல் தொடாதீர்கள். டிஃபெக்ட்ஸ்ஃபோர்ஜே என்ற தொகுப்பில் ஜாவா புரோகிராம்களின் நிஜப் பிழைகள் எல்லாருக்கும் திறந்து கிடக்கின்றன, அதில் பழகலாம். கைடைத் தேடும் முன் மூன்று மாதம், தினமும் காலையில் உங்களைத் திணறடித்தது எது, எப்படிப் பிடித்தீர்கள் என்று ஒரு நோட்டில் உங்களுக்காக நாலு வரி எழுதி வையுங்கள். திரும்பத் திரும்ப வருகிற கேள்வி எதுவோ, அதை எடுத்துக்கொண்டு போய் கைடிடம் உட்காருங்கள்.