பசளை மூடையைக் கையாளுதலும் பகுதி பகுதியாகப் பயன்படுத்தலும்

க.பொ.த. (சாதாரண தரம்) – விவசாயமும் உணவுத் தொழினுட்பவியலும்

இப்பாடத்தைக் கற்ற பின்னர் நீங்கள்,
• 50 கி.கி. பசளை மூடையொன்றைப் பாதுகாப்பாகத் திறந்து, தேவையான அளவை வேறாக்கும் முறையை விவரிப்பீர்கள்.
• திறந்த மூடையில் எஞ்சிய பசளை பழுதடைவதற்கான காரணங்களை விளக்குவீர்கள்.
• மூடையிலுள்ள போசணை அளவைக் கணிப்பீர்கள்.

1. அறிமுகம்

இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், பாவற்குளம் ஆகிய குளங்களின் கீழ் நெற்செய்கை மேற்கொள்ளும் வன்னி விவசாயிக்குப் பசளை பெரும்பாலும் 50 கி.கி. மூடையாகவே கிடைக்கின்றது. ஆனால் அவர் அதனை ஒரே நாளில் இட்டு முடிப்பதில்லை. யூரியாவைப் பயிரின் வளர்ச்சிப் பருவத்திற்கேற்ப மேற்கட்டுப் பசளையாகப் பல தடவைகளில் இடவேண்டும். அரை ஏக்கர் காணி வைத்திருப்பவரின் வீட்டில் திறந்த மூடையொன்று வாரக்கணக்கில் இருக்கும். எனவே மூடையைத் தூக்குவது, திறப்பது, மீதியைக் காப்பது ஆகிய மூன்றும் ஒரே வேலையின் பகுதிகளாகும்.

இதில் கவனம் தேவைப்படுவதற்கு இரு காரணங்கள் உள்ளன. முதலாவது, பசளை எளிதிற் கிடைக்கும் பொருளல்ல. 1990களில் பொருளாதாரத் தடை நிலவியபோது வன்னிக்கு யூரியா கொண்டுவருவது தடுக்கப்பட்டிருந்தது. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி நாடு முழுவதற்கும் தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டு நவம்பரிலேயே அத்தடை நீக்கப்பட்டது. இரண்டாவது, 2009இல் போர் முடிந்த பின்னர் வன்னியில் பல குடும்பங்களைப் பெண்களே தலைமைதாங்கி நடத்துகின்றனர். போரில் காயமடைந்தவர்களும் பலர் கமஞ்செய்கின்றனர். இவர்களால் முழு மூடையைத் தோளில் ஏற்ற முடியாது, ஏற்றவும் கூடாது.

2. முழு மூடையைத் தூக்குதல்

சர்வதேசத் தொழில் தாபனத்தின் 1967ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி, வளர்ந்த ஆணொருவர் கையால் சுமக்கும் நிறை 55 கி.கி. இனை விஞ்சலாகாது. பெண்களுக்கும் 18 வயதிற்குட்பட்டோருக்கும் இது கணிசமாகக் குறைக்கப்படவேண்டும். அமெரிக்காவின் தொழிற் பாதுகாப்பு, சுகாதார நிறுவனம் 1991இல் வெளியிட்ட கணிப்பு முறையில், மிகச் சாதகமான நிலையில் தூக்குவதற்கும் 23 கி.கி. என்ற எல்லையே எடுக்கப்படுகின்றது. இது ஒரு மூடையின் அரைவாசியிலும் குறைவாகும்.

ஆகவே பின்பற்ற வேண்டிய விதி: முழு மூடையைத் தனியே தூக்கவேண்டாம்; முதலில் பிரித்து, பின்னர் சுமக்கவும். முழு மூடையை நகர்த்தியே ஆகவேண்டுமெனின் இருவர் சேர்ந்து தூக்கவேண்டும் அல்லது கைவண்டியைப் பயன்படுத்தவேண்டும். தூக்கும்போது முழங்காலை மடித்து, முதுகை நேராக வைத்து, சுமையை உடலுடன் அணைத்துப் பிடிக்கவேண்டும். சுமையுடன் இடுப்பைத் திருகலாகாது. கொக்கியால் குத்தி இழுத்தால் உட்பை கிழியும்.

வெளிநாடுகளின் பெரும் பண்ணைகளில் 500 – 1000 கி.கி. கொள்ளும் பெரும்பைகள் உள்ளன. அவற்றை இயந்திரத்தாலேயே தூக்குவர். தூக்கிய பையின் கீழ் ஒருவரும் நிற்கலாகாது என்பதே அங்கு முதல் விதியாகும்.

3. மூடையைத் திறந்து பகுதியை எடுத்தல்

(1) மூடை இறக்கப்பட்ட இடத்திலேயே, முடியுமெனின் உழவு இயந்திரப் பெட்டியில் இடுப்பு உயரத்தில் இருக்கும்போதே திறக்கவும். குனிந்து தூக்கும் வேலை இதனாற் குறையும். மழை பெய்யும்போது திறக்கவேண்டாம்.
(2) கையுறை அணிந்து, மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்ளவும்.
(3) வாயைக் கத்தியாற் குறுக்கே வெட்டவேண்டாம். தையலின் ஒரு முனையிலுள்ள முடிச்சை அறுத்து நூலை இழுத்தால் தையல் முழுவதும் கழன்றுவிடும். பையின் வாய் பழுதடையாமையால் மீண்டும் கட்டலாம்.
(4) மூடையைச் சரித்துக் கொட்டாமல், உலர்ந்த கோப்பையால் அள்ளி வாளியில் இடவும். ஈரக் கையை உள்ளே விடவேண்டாம்.
(5) வாளியை ஒரு முறை தராசில் நிறுத்து அடையாளமிடவும். 10 லீற்றர் வாளி நிறைய யூரியா ஏறத்தாழ 7.5 கி.கி. மட்டுமே இருக்கும். மியூறியேற்றுப் பொட்டாசு அதனிலும் பாரமானது. ஆகவே ஒவ்வொரு பசளைக்கும் தனித்தனியே நிறுக்கவேண்டும்.
(6) மீதிப் பசளைக்கு மேலுள்ள காற்றை அமுக்கி வெளியேற்றி, உட்பையை முறுக்கி மடித்து இறுகக் கட்டவும். பின்னர் வெளிப்பையையும் கட்டவும்.
(7) பசளையின் பெயர், திறந்த திகதி, மீதி நிறை ஆகியவற்றை அட்டையில் எழுதித் தொங்கவிடவும்.

4. எஞ்சிய பசளை ஏன் பழுதடைகின்றது?

வளியின் சாரீரப்பதன் குறித்ததோர் எல்லையைத் தாண்டும்போது பசளை வளியிலிருந்து நீரை உறிஞ்சத் தொடங்கும். இது அப்பசளையின் அவதிச் சாரீரப்பதன் எனப்படும். 30 பாகை செல்சியசில் இது யூரியாவுக்கு ஏறத்தாழ 73%, மியூறியேற்றுப் பொட்டாசுக்கு 84% ஆகும். வன்னியில் காலபோகப் பயிருக்கு யூரியா இடப்படுவது வடகீழ்ப் பருவமழைக் காலத்திலாகும். அக்காலத்து இரவுகளில் வளியின் ஈரப்பதன் இவ்வெல்லையை எளிதில் தாண்டும். வாய் திறந்திருக்கும் யூரியா இரவில் ஈரமாகிப் பகலில் உலரும்போது மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகின்றன.

கட்டியான யூரியா வீணானதன்று. அதன் நைதரசன் பெரும்பாலும் அப்படியே இருக்கும். உலர்ந்த பாயில் பரப்பி, மரக்கட்டையாற் தட்டி உடைத்துப் பயன்படுத்தலாம். கரைந்து வழிந்தோடியதை மட்டும் மீட்க முடியாது.

யூரியாவையும் மும்மைச் சுப்பர் பொசுபேற்றையும் கலந்து சேமிக்கலாகாது. இரண்டும் தாக்கமுற்று நீரை வெளிவிடுவதால் கலவை பசைபோலாகும்.

5. களஞ்சியப்படுத்தல்

• மூடைகளை மரச்சட்டங்களின் மேல், சுவரிலிருந்து விலக்கி அடுக்கவும். சீமெந்துத் தரையிலிருந்தும் ஈரம் ஏறும்.
• திறந்த மூடையை முழு மூடைகளின் கீழ் வைக்கவேண்டாம். அது அமுங்கி அடுக்குச் சரியும். அடுத்த முறை முதலில் அதனையே பயன்படுத்தவும்.
• விதைநெல், உணவு என்பவற்றுடன் வைக்கலாகாது. யூரியா சீனியை ஒத்த வெண்ணிறமுடையது. பெயரில்லாத போத்தலிலோ தகரத்திலோ ஒருபோதும் இடவேண்டாம்.
• மாடு, ஆடுகள் எட்டாத இடத்தில் வைக்கவும். அசையூண் வயிற்றிலுள்ள யூரியேசு நொதியம் யூரியாவை விரைவாக அமோனியாவாக மாற்றும். பழக்கமில்லாத 200 கி.கி. மாட்டுக்கு 60 – 100 கிராம் யூரியாவே நஞ்சாகலாம். இது ஓரிரு பிடி அளவாகும். வெறும் உரப்பையைக் கழுவிய நீரை மாடு குடித்தாலும் ஆபத்து நேரும். அந்நீரைக் கிணற்றருகே ஊற்றாது வயலில் ஊற்றவும். மாடு நடுங்கி, வயிறு ஊதினால் உடனே கால்நடை வைத்தியருக்கு அறிவிக்கவும்.

6. போசணை அளவைக் கணித்தல்

யூரியாவில் 46% நைதரசன் உண்டு. 50 கி.கி. மூடையில் 50 × 46/100 = 23 கி.கி. நைதரசன் இருக்கும்.

மாதிரி வினா: விவசாயி ஒருவர் 50 கி.கி. யூரியா மூடையிலிருந்து 18 கி.கி. எடுத்து வயலுக்கு இட்டார். மீதியைக் கட்டாது விட்டமையால் 4 கி.கி. மழையிற் கரைந்தது.
(அ) முதலில் எஞ்சிய யூரியாவில் இருந்த நைதரசன் எவ்வளவு?
(ஆ) இழந்த நைதரசன் எவ்வளவு?
(இ) 7.5 கி.கி. கொள்ளும் வாளியால் 18 கி.கி. அளக்க எத்தனை வாளி தேவை?

விடை: (அ) மீதி 50 − 18 = 32 கி.கி.; 32 × 46/100 = 14.72 கி.கி.
(ஆ) 4 × 46/100 = 1.84 கி.கி.
(இ) 18 ÷ 7.5 = 2.4 வாளி

பரீட்சையில் கவனிக்க: "யூரியா கட்டியானால் நைதரசன் முழுவதும் இழக்கப்படும்" என்பது பிழையான கூற்று. பலர் இதனைச் சரியெனக் குறித்துப் புள்ளியை இழக்கின்றனர்.

பயிற்சி

1. அவதிச் சாரீரப்பதன் என்றால் என்ன?
2. மூடையின் வாயை வெட்டாது தையலைக் கழற்றுவதன் நன்மை யாது?
3. யூரியாவை மும்மைச் சுப்பர் பொசுபேற்றுடன் கலந்து சேமிக்கலாகாது. காரணம் தருக.
4. உமது வீட்டிலோ அயலிலோ உள்ள திறந்த பசளை மூடையொன்றைப் பார்வையிட்டு, அது வைக்கப்பட்டுள்ள முறையில் திருத்த வேண்டிய மூன்று விடயங்களை எழுதுக. அவற்றை வீட்டாருடன் சேர்ந்து திருத்துக.