தனி விமானிகளும் உறக்க மூச்சுத்தடையும்

பிழைப்புக்காக அன்றித் தம் விருப்பத்திற்காகவோ சொந்த அலுவலுக்காகவோ சிறு விமானத்தை ஓட்டுபவர் தனி விமானி எனப்படுவார். புது டில்லியில் இவர்களது வரலாறு பழமையானது. டில்லி பிளையிங் கிளப் 1928-ல் தோன்றியது. வில்லிங்டன் திடல் என முன்பு வழங்கிய சப்தர்ஜங் விமானத் திடலில் பல தலைமுறையினர் விமானம் ஓட்டப் பயின்றனர். அத்திடலில் பயிற்சிப் பறத்தல் நின்று பல ஆண்டுகள் ஆகிவிட்டன. எனினும், நாடெங்குமுள்ள விமானிகளுக்கு உரிமம் வழங்கும் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம் அதன் எதிரிலேயே இயங்கி வருகிறது.

தனி விமானிக்கு வேண்டப்படுவது இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்றாகும். இதற்காக வைத்தியர் கண், காது, இரத்த அழுத்தம், இருதயம், சிறுநீர் முதலியவற்றைச் சோதிக்கிறார். இவையாவும் விமானி விழித்திருக்கும் வேளையில், பகற்பொழுதில் நிகழ்பவை. சர்வதேச விதிகளின்படி 40 வயதுக்குட்பட்ட தனி விமானியின் சான்று 60 மாதங்கள் வரையிலும், அவ்வயதைக் கடந்தவரின் சான்று 24 மாதங்கள் வரையிலும் செல்லுபடியாகலாம். ஐந்தாண்டுக் காலத்தில் ஒருவர் உடல் பருத்துக் கழுத்துத் தடித்து, இரவில் உரக்கக் குறட்டை விடுபவராக மாறிவிடக்கூடும். உறங்கும்போது மட்டுமே வெளிப்படும் ஒரு குறையைப் பகற்பரிசோதனையில் எவ்வாறு அறிவது என்பதே இங்கு எழும் வினா.

ஆங்கில வைத்தியத்தில் ஸ்லீப் அப்னியா என்று வழங்கும் இக்குறையை உறக்க மூச்சுத்தடை எனலாம். நாக்கின் அடிப்பகுதிக்கும் தொண்டையின் பின்சுவருக்கும் இடையிலுள்ள காற்று வழி எலும்பால் தாங்கப்பட்டதன்று. தசைகளின் இறுக்கமே அதனைத் திறந்து வைத்திருக்கிறது. உறக்கத்தில் தசைகள் தளர்கின்றன. வழி இயற்கையாகவே குறுகியவர்க்கும், சுற்றிலும் கொழுப்புச் சேர்ந்தவர்க்கும், தாடை சிறுத்துப் பின்வாங்கியிருப்பவர்க்கும் அவ்வழி மூடிக்கொள்கிறது. மார்பு மூச்சிழுக்க முயன்றும் காற்று உட்புகுவதில்லை. இத்தடை 10 விநாடியோ அதற்கு மேலோ நீடித்தால் அது ஒரு தடையாகக் கணக்கிடப்படும். இரத்தத்தில் பிராணவாயு குறைகிறது. மூளை திடுக்கிட்டு உடலை எழுப்புகிறது. ஒரு பெரும் உறுமலுடன் மூச்சு மீள்கிறது. பிறகு மீண்டும் உறக்கம், மீண்டும் தடை. மணிக்கு 5 முதல் 14 வரை இத்தகைய தடைகளும் குறை மூச்சுகளும் நேரின் நோய் இலேசானது. 15 முதல் 29 வரை நடுத்தரமானது. 30 அல்லது அதற்கு மேல் கடுமையானது. இரவெல்லாம் நூற்றுக்கணக்கான முறை எழுப்பப்பட்டும் நோயாளி அதில் ஒன்றையேனும் நினைவில் வைத்திருப்பதில்லை.

வகுப்பறையில் இதை எளிதில் காட்டலாம். இரு முனையும் திறந்த மெல்லிய பாலிதீன் உறையொன்றின் ஒரு முனையை வாயில் பொருத்திக் காற்றை இழுத்தால் உறையின் சுவர்கள் ஒட்டிக்கொள்ளும். எவ்வளவுக்கு வலிந்து இழுக்கிறோமோ அவ்வளவுக்கு இறுக ஒட்டும். கெட்டியான குழலில் இவ்வாறு நேர்வதில்லை. அதே உறையினுள் காற்றை ஊதினால் சுவர்கள் விலகி வழி திறக்கும். நோயும் அதன் சிகிச்சையும் இவ்வொரு சோதனையில் அடங்கியுள்ளன.

குறட்டையை ஆழ்ந்த உறக்கத்தின் அடையாளமாகக் கொள்வதும், குறட்டை விடுபவரைக் கும்பகர்ணன் என்று நகையாடுவதும் இந்நாட்டு வழக்கம். உண்மையில் இந்நோயாளி உறக்கத்துக்கு ஏங்குபவர். இவர்கள் தொகையும் சிறிதன்று. டில்லி மக்களிடையே அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தினர் நடத்தி 2006-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், நூற்றுக்கு 13.7 பேருக்கு மூச்சுத்தடையும், 3.6 பேருக்கு அதனுடன் பகலுறக்கமும் சேர்ந்து காணப்பட்டன. தனி விமானிகளும் இம்மக்களுள் அடங்கியவர்களே.

விமானத்தில் இதன் விளைவு யாது என்பதற்கு ஹவாய்த் தீவுகளில் 2008 பிப்ரவரி 13 அன்று நிகழ்ந்தது தக்க சான்று. ஹொனலூலுவிலிருந்து ஹீலோவுக்கு 40 பிரயாணிகளுடன் காலை வேளையில் சென்ற விமானமொன்றின் விமானிகள் இருவரும் உறங்கிவிட்டனர். 18 நிமிடம் வரை தரையிலிருந்து வந்த அழைப்புகளுக்கு மறுமொழி இல்லை. விமானம் சேரவேண்டிய ஊரைக் கடந்து கடல்மேல் சென்றது. பிறகு விழித்துக்கொண்ட விமானிகள் திரும்பிவந்து பத்திரமாக இறங்கினர். தலைமை விமானிக்குக் கடுமையான உறக்க மூச்சுத்தடை இருந்தது அதன் பின்னரே கண்டறியப்பட்டது.

இந்தியாவில் 2010 மே 22 அன்று துபாயிலிருந்து வந்த விமானம் மங்களூரில் ஓடுபாதையைக் கடந்து பள்ளத்தில் வீழ்ந்து 158 பேர் மாண்டனர். விமானி அறையின் ஒலிப்பதிவில் தலைமை விமானியின் குறட்டை கேட்டது. அவர் ஏறத்தாழ 1 மணி 40 நிமிடம் உறங்கியிருந்தார் என்றும், விழித்தெழுந்தபின் நீடித்த உறக்க மந்தம் அவரது தீர்மானத்தைப் பாதித்திருக்கலாம் என்றும் விசாரணை மன்றம் கருதியது. அவருக்கு மூச்சுத்தடை நோய் இருந்தது என்று குறட்டையைக் கொண்டு முடிவு செய்வதற்கில்லை. குறட்டை விடுவோர் யாவரும் இந்நோயினர் அல்லர். ஆயினும், அரை உறக்கத்திலுள்ள மூளை எத்தகைய பிழை செய்யும் என்பதை இது காட்டுகிறது.

இவ்விரு விமானங்களிலும் துணை விமானி ஒருவர் இருந்தார். தனி விமானியின் அருகிலோ பெரும்பாலும் எவரும் இல்லை. இருப்பினும் அவர் விமானம் ஓட்ட அறியாத நண்பராகவோ உறவினராகவோ இருப்பார். பிரயாணிகள் விமானத்தை ஓட்டுவோர்க்கு வேலை நேரமும் ஓய்வு நேரமும் சட்டத்தால் வரையறுக்கப்பட்டுள்ளன. வாரமெல்லாம் அலுவலகத்தில் உழைத்து ஞாயிறன்று விமானம் ஏறுபவருக்கு அத்தகைய வரையறை இல்லை. தம் உறக்கத்திற்குத் தாமே காவல்.

நோயுள்ளவரைக் கண்டறிய எடை ஒன்றே போதும் என்று ஒரு சமயம் எண்ணப்பட்டது. அமெரிக்க விமானத் துறையினர் 2013 நவம்பரில், உடற்பருமன் எண் 40-க்கு மேற்பட்ட விமானிகள் யாவரையும் உறக்கப் பரிசோதனைக்கு அனுப்பப்போவதாக அறிவித்தனர். தனி விமானிகளின் சங்கங்கள் இதனைக் கடுமையாக எதிர்த்தன. 2015 மார்ச்சில் வந்த திருத்திய முறையில், எடையை மட்டும் கொண்டு எவரையும் விலக்காமல், அறிகுறிகள் அனைத்தையும் வைத்தியர் சீர்தூக்கிப் பார்க்க வேண்டும் என்றும், ஐயத்துக்குரியவர் சான்று பெற்றுப் பறந்துகொண்டே 90 நாட்களுக்குள் தம்மைச் சோதித்துக்கொள்ளலாம் என்றும் ஏற்பட்டது.

எடையளவு இந்தியர்க்குப் பொருந்தாமைக்கு வேறொரு காரணமும் உண்டு. கிலோகிராமில் கண்ட எடையை மீட்டரில் கண்ட உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் பருமன் எண் கிடைக்கும். 165 செண்டிமீட்டர் உயரமுள்ளவர் 40 என்ற எண்ணை எட்ட 109 கிலோகிராம் இருக்க வேண்டும். இந்திய வைத்தியர்களோ 25-ஐ எட்டினாலே பருமன் என்கின்றனர். அதே உயரத்துக்கு அது 68 கிலோகிராம்தான். அமெரிக்க அளவுகோலைக் கொண்டு சலித்தால் டில்லி நோயாளிகளில் பெரும்பாலார் சல்லடையில் தங்காமல் நழுவிவிடுவர்.

ஆகவே வேறு அடையாளங்களை நாட வேண்டியுள்ளது. இவற்றில் கழுத்தின் சுற்றளவு முக்கியமானது. ஆடவர்க்கு 43 செண்டிமீட்டரை எட்டினால் ஐயம் கொள்ளலாம். வாயை அகலத் திறந்து நாக்கை நீட்டச் செய்து உள்நாக்கு தெரிகிறதா என்று பார்ப்பதும் பயனுள்ளது. ஆந்திராவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய மயக்க மருந்து வைத்தியர் சேஷகிரி மல்லம்பட்டி 1985-ல் இதனை வகுத்தார். மயக்கம் கொடுக்குமுன் மூச்சுக்குழாயில் குழல் செருகுவது எளிதா என்று அறிய ஏற்பட்ட இம்முறையே உறக்க வைத்தியத்திலும் புகுந்தது. மருந்துக்கு அடங்காத இரத்த அழுத்தமும், காலையில் தலைவலியும் கவனிக்கத்தக்கவை.

எனினும், இவை அனைத்தினும் மதிப்புமிக்க சாட்சி அருகில் உறங்கும் மனைவியோ கணவரோ ஆவார். "இரவில் மூச்சு நின்று மீண்டும் எழுவதைக் கண்டதுண்டா?" என்ற ஒரு கேள்விக்கு அவர் தரும் விடை பல கருவிகளுக்கு ஈடாகும். விமானியையே கேட்பதில் இடர்ப்பாடு உண்டு. ஆஸ்திரேலிய வைத்தியர் மர்ரே ஜான்ஸ் 1991-ல் அமைத்த வினாத்தாளில், படிக்கும்போதும், உணவுக்குப்பின் அமர்ந்திருக்கும்போதும், இவை போன்ற எட்டு நிலைகளிலும் கண்ணயர்வு எவ்வளவு என்று 0 முதல் 3 வரை எண்ணிடவேண்டும்; மொத்தம் 24-ல் 10-க்கு மேற்படின் பகலுறக்கம் மிகுதி. உரிமம் பறிபோகும் என்று அஞ்சுபவர் ஒவ்வொன்றிலும் பூஜ்யம் இட்டுவிடுவார்; தாளைக் கொண்டு அதை மறுப்பதற்கில்லை. தண்டனையென்று தோன்றும் சோதனை நோயாளிகளை மறைந்திருக்கவே பழக்கும். அமெரிக்கர் 2015-ல் கண்டுகொண்டது இதுவே.

ஐயம் உறுதியாவது உறக்க ஆய்வுக்கூடத்தில். ஓர் இரவு முழுவதும் மூளை அலைகள், கண்ணசைவு, மூக்கின் காற்றோட்டம், மார்பு வயிறுகளின் அசைவு, இரத்தத்தின் பிராணவாயு ஆகியவை பதிவு செய்யப்படுகின்றன. வீட்டிலேயே அணிந்து உறங்கத்தக்க சிறு கருவிகளும் வந்துள்ளன.

சிகிச்சை, மேற்கூறிய பாலிதீன் உறையில் ஊதுவதை ஒத்தது. சிட்னி நகரின் காலின் சல்லிவன் 1981-ல் வெளியிட்ட முறைப்படி, மூக்கின்மேல் பொருத்திய மூடியின் வழியே சிறு இயந்திரம் காற்றை இடையறாது அழுத்தத்துடன் செலுத்துகிறது, தொண்டை மூடுவதில்லை. எடையைக் குறைப்பதும் மதுவையும் உறக்க மாத்திரைகளையும் விலக்குவதும் இதற்குத் துணை செய்யும். இயந்திரம் தான் இயங்கிய மணிக்கணக்கைத் தானே பதிந்து வைக்கிறது. அமெரிக்காவில் சிகிச்சை பெறும் விமானி, உறங்கிய வேளைகளில் நூற்றுக்கு 75-லேனும் அதை உபயோகித்ததாகவும், சராசரி 6 மணி நேரத்துக்குக் குறையாததாகவும் அப்பதிவு காட்டினால் மீண்டும் பறக்க அனுமதிக்கப்படுகிறார். விழித்திருக்கும் ஆற்றலை நேரே அறிய வேண்டின், மங்கிய ஒளியுள்ள அமைதியான அறையில் 40 நிமிடம் சும்மா உட்கார வைத்து, உறங்கிவிடுகிறாரா என்று பார்க்கும் சோதனையும் உண்டு. சீராக இரையும் எஞ்சினுக்குப் பின்னே நீலவானை நோக்கி அமர்ந்திருக்கும் தனி விமானியின் நிலைக்கு அது பெரிதும் ஒத்தது.